வெளிநாட்டு விவகாரம் யார் வீட்டு விவகாரம்?

சென்ற மாதம் கொட்டிவாக்கத்தில் ஒரு காலனி மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அழைப்பிதழ் அச்சடித்த கூட்டம். நாற்காலி போட்டு, மின்விசிறி வைத்து, காப்பி கொடுத்து நடத்திய கூட்டம். பேசியவர் ஓய்வு பெற்ற ஒரு பெரிய உத்தியோகஸ்தர். நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள், இருக்கட்டும். அவர் பேசியதன் சாரம் இது: "தென் சென்னை ஒரு காலத்தில் எப்பேர்ப்பட்டவர்களைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது! ஆர். வெங்கட்ராமனை எண்ணிப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவுக்காக உட்கார்ந்தவர். உலக நிதி நிபுணர்களோடு சரிக்குச் சரி பேசியவர். இன்று போகிறவர்களோ சாக்கடையையும் ரேஷன் கடையையும் பற்றிப் பேசுகிறார்கள். வெளிநாட்டு விவகாரம் என்பது படித்தவர்கள் பார்க்க வேண்டிய காரியம். கூட்டம் கூட்டிக் கோஷம் போடுகிறவர்களுக்கு அதில் வேலையில்லை."

கைதட்டல் பலமாக இருந்ததாம்.

அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் கொட்டிவாக்கம் குப்பத்தைச் சேர்ந்தவர். காப்பி டம்ளர்களை எடுக்கப் போனவர் கதவோரம் நின்று முழுப் பேச்சையும் கேட்டிருக்கிறார். மறுநாள் மாலை நமது தெருமுனைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்: "ஏண்ணே, அவரு வெளிநாட்டுல போயி இன்னா பேசுனாரு? அதனால நமக்கு இன்னா வந்துச்சு?"

இரண்டே கேள்விகள். உத்தியோகஸ்தர் ஒரு மணி நேரம் பேசியும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. நாமும் அன்று மைக் வாடகை நேரம் முடிந்துவிட்டதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். முழுப் பதில் இங்கே.

முதலில் மனிதருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். எதிரியைக் குள்ளமாகக் காட்டி வாதம் செய்வது நமது வழக்கமல்ல.

வெங்கட்ராமன் 1910ல் பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்தார். வக்கீல். 1942 போராட்டத்தில் வெள்ளையன் சிறையில் இரண்டு ஆண்டு இருந்தார். 1946ல் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்கள் மீது, ஜப்பான்காரனோடு ஒத்துழைத்தார்கள் என்று பிரிட்டிஷார் வழக்குப் போட்டபோது, அவர்களுக்காக வாதாட இந்தியாவிலிருந்து போன வக்கீல் குழுவில் இவரும் ஒருவர். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், பத்திரிகை ஊழியர் ஆகியோரின் சங்கங்களோடு இவருக்குத் தொடர்பு இருந்தது. 1949ல் தொழிலாளர் சட்ட வழக்குகளுக்கென்றே ஒரு பத்திரிகையை ஆரம்பித்தார். இன்றும் லேபர் கோர்ட்டில் நமது வக்கீல் தோழர்கள் அந்தப் பத்திரிகையின் பழைய தொகுதிகளைப் புரட்டுகிறார்கள். தஞ்சை ஜில்லாவின் விவசாயத் தொழிலாளர் நிலைமையில் அக்கறை கொண்டவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. இந்த வரியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

1950ல் தற்காலிகப் பார்லிமெண்டில் மெம்பர். 1952ல் தஞ்சாவூரிலிருந்து லோக்சபை. 1953 முதல் 1961 வரை ஏழு முறை ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்குச் சென்ற இந்தியக் குழுக்களில் இடம். இதற்கு நடுவில் 1957ல் மீண்டும் தஞ்சாவூரில் ஜெயித்து, அந்த இடத்தை விட்டுவிட்டு, காமராஜர் மந்திரி சபையில் சேர்ந்தார். பத்தாண்டு காலம் தொழில் மந்திரி. கிண்டித் தொழிற்பேட்டை 1958ல் அவர் காலத்தில்தான் வந்தது. அங்கே லேத்து மிஷினில் நின்று வேலை கற்ற தொழிலாளி தென் சென்னையில் ஆயிரமாயிரம் பேர். அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம்.

1977ல் தென் சென்னைத் தொகுதியில் முரசொலி மாறனைத் தோற்கடித்து லோக்சபைக்குப் போனார். எமர்ஜென்சி முடிந்த தேர்தல் அது. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் இருந்த அணியில் கம்யூனிஸ்டுகளில் ஒரு பகுதியினரும் இருந்தார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை; நாம் மறைத்தாலும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். 1980ல் தி.மு.க. கூட்டோடு மறுபடியும் ஜெயித்தார். இந்திரா காந்தி அவரை நிதி மந்திரி ஆக்கினார். மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அடையாறுக்கும் பிரதிநிதியாக இருந்தவர் நாட்டின் கஜானாச் சாவியைக் கையில் வாங்கினார்.

இனிமேல்தான் கதை.

1979ல் ஈரானில் ஷா விரட்டப்பட்டான். எண்ணெய் விலை உலகமெங்கும் எகிறியது. அதே ஆண்டு இங்கே கடும் வறட்சி. எண்ணெய் வாங்க டாலர் வேண்டும். டாலர் கையிருப்பு கரைந்தது. நெருக்கடி உண்மையான நெருக்கடிதான். யாரும் கற்பனை செய்தது அல்ல. பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் பிரச்சனை.

உள்ளூரில் பணம் இல்லாமல் இல்லை. கறுப்புப் பணம் மலை மலையாகக் கிடந்தது. அதை எப்படி எடுத்தார் நிதி மந்திரி? 1981 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம். அதன் பெயர் விசேஷ பேரர் பாண்டு. பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பத்திரம் வாங்கு. பத்தாண்டு கழித்துப் பன்னிரண்டாயிரமாகத் திருப்பித் தருகிறோம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம். அதைக் காட்டி வரி போட மாட்டோம். இதுதான் திட்டம். ஆலைத் தொழிலாளி சம்பளத்தில் இரண்டு மணி நேரம் லேட்டானால் பிடித்தம். விவசாயத் தொழிலாளி கூட்டுறவுக் கடனைக் கட்டாவிட்டால் வீட்டுப் பாத்திரம் ஜப்தி. கள்ளப் பணக்காரனுக்கு மட்டும் கேள்வியும் கிடையாது, கணக்கும் கிடையாது. மேற்கொண்டு இரண்டாயிரம் ரூபாய் வெகுமதி! இதை எதிர்த்து வக்கீல் ஆர். கே. கார்க் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சட்டம் செல்லும் என்று அதே ஆண்டில் தீர்ப்பு வந்தது. சட்டப்படி செல்லுவது வேறு, நியாயப்படி செல்லுவது வேறு என்பதைத் தொழிலாளர் சட்டப் பத்திரிகை நடத்தியவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

உள்ளூர்ப் பணக்காரனைத் தொட மனமில்லாதவர்கள் வெளியூர்ப் பணக்காரனின் வாசலுக்குப் போனார்கள். வாஷிங்டனில் இருக்கிறது சர்வதேச நிதி ஸ்தாபனம். அங்கே ஒரு நாட்டுக்கு ஓர் ஓட்டு என்ற முறை கிடையாது. போட்ட பணத்துக்கு ஏற்ப ஓட்டு. பெரும்பங்கு போட்ட அமெரிக்காவுக்கு, எந்தப் பெரிய விதி மாற்றத்தையும் தனியாக நின்றே தடுக்கக் கூடிய அளவுக்கு ஓட்டு உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் ஏக்கருக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் யார் தலைவராவான் என்று கீழத்தஞ்சைத் தோழர்களைக் கேளுங்கள்; அந்தப் பஞ்சாயத்துதான் இது.

அந்த இடத்தில் இந்தியா கேட்டது 500 கோடி சிறப்பு எடுப்பு உரிமை என்கிற கணக்கில் கடன். அன்றைய நமது நாணயத்தில் சுமார் 5,000 கோடி ரூபாய். அதுவரை அந்த ஸ்தாபனம் எந்த நாட்டுக்கும் கொடுத்திராத அளவு. கடனுக்காக நிதி மந்திரியின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் அதனுடன் கொள்கை அறிக்கையும் 1981 செப்டம்பர் கடைசியில் போயின. நவம்பர் 9ந் தேதி ஸ்தாபனத்தின் நிர்வாக போர்டு கடனை மஞ்சூர் செய்தது.

தேதிகளைக் கவனியுங்கள், தோழர்களே. பார்லிமெண்டின் மழைக்காலக் கூட்டம் முடிந்த பிறகு கடிதம் போயிற்று. குளிர்காலக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கடன் மஞ்சூராகிவிட்டது. கதவு மூடியிருந்த இடைவேளையில் காரியம் முடிந்தது. நாட்டு மக்களுக்கு நிபந்தனைகள் எப்படித் தெரிந்தன? சர்க்கார் சொல்லித் தெரியவில்லை. சென்னை மவுண்ட் ரோடிலிருந்து வெளியாகும் 'இந்து' பத்திரிகைக்காக அதன் வாஷிங்டன் நிருபர் என். ராம் அந்த ரகசியத் தஸ்தாவேஜுகளைக் கண்டெடுத்து 1981 அக்டோபரில் வெளியிட்டார். தென் சென்னை வாக்காளன், தன்னுடைய மெம்பர் என்ன கையெழுத்துப் போட்டார் என்பதைக் காலைக் காப்பியோடு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டான். நாட்டின் மிகப் பெரிய கடனைப் பற்றி, நாட்டின் மிகப் பெரிய சபைக்கு, ஒரு பத்திரிகைக்காரனுக்குப் பின்னால்தான் தகவல் வந்தது.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது? சர்க்கார் வாங்கும் கடனுக்கு உச்சவரம்பு. பாங்குகள் கொடுக்கும் கடனுக்கு வரம்பு. வெளிநாட்டுச் சரக்கு இறக்குமதியைத் தளர்த்துவது. சர்க்கார் கம்பெனிகள் விற்கும் பொருள்களின் விலையைச் செலவுக்குத் தக்கபடி உயர்த்துவது. மூன்று ஆண்டுகளுக்குத் தவணை தவணையாகப் பணம். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் கணக்குப் பரிசோதனை.

பண்ணையாரிடம் பங்குனி மாதம் நெல் கடன் வாங்கியவனுக்கு இது புரியும். பண்ணையார் நெல்லை மட்டுமா அளந்து கொடுப்பார்? உன் மகன் என் மாட்டை மேய்க்கட்டும்; உன் மனைவி நடவுக்கு முதல் ஆளாக வரட்டும்; சங்கக் கூட்டத்துக்குப் போகாதே. இவையெல்லாம் பத்திரத்தில் எழுதியிருக்காது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த அளவைக்கு மறுபடியும் அவர் களத்துக்குத்தானே வர வேண்டும்.

டிசம்பரில் பார்லிமெண்டில் விவாதம் நடந்தது. எதிர்க்கட்சிகள், குறிப்பாக இடதுசாரி மெம்பர்கள், நாட்டின் பொருளாதாரச் சுதந்திரத்தை அடகு வைத்துவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். மேற்கு வங்க இடது முன்னணி சர்க்கார், நிதி மந்திரி அசோக் மித்ராவின் முயற்சியில், இந்தக் கடனைப் பற்றித் தனிப் புத்தகமே அச்சிட்டு மறுப்பு எழுதியது. இந்த எல்லாவற்றுக்கும் சர்க்கார் தரப்பின் பதில் என்ன? இவை ஸ்தாபனம் போட்ட நிபந்தனைகள் அல்ல. எங்கள் ஆறாவது திட்டத்தில் நாங்களே ஏற்றுக்கொண்ட கொள்கைகள்தான். தேசிய நலனுக்கு விரோதமாக எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது.

இந்தப் பதில் சாமர்த்தியமானது. ஆனால் சாமர்த்தியத்துக்குள்ளேயே ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. 1980லும் 1981லும் உர விலையை ஏற்றினார்கள். 1981 ஜூலையில் பெட்ரோலியப் பொருள்களின் விலையையும் ஏற்றினார்கள். அதே ஜூலையில் இன்னொன்றும் செய்தார்கள்: அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம். ரயில்வே, தபால், துறைமுகம், பாங்கு என்று சர்க்கார் குறிப்பிடும் எந்தத் துறையிலும் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாம். மீறினால் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். இவையெல்லாம் ஜூலையில், கடிதம் செப்டம்பரில். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் திண்ணையைச் சாணி போட்டு மெழுகி வைத்த மாதிரி! யாரும் நிபந்தனை போடவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் எதற்காக நிபந்தனை போட வேண்டும்?

துறைமுகத் தொழிலாளியின் சங்கத்தோடும் ரயில்வே ஊழியர் சங்கத்தோடும் உறவு வைத்திருந்த மனிதர் மந்திரியாக இருந்த மந்திரி சபை, துறைமுகத் தொழிலாளியின், ரயில்வே ஊழியரின் வேலைநிறுத்த உரிமைக்குப் பூட்டுப் போட்டது. அவர் ராஜினாமா செய்யவில்லை.

தொழிலாளி வர்க்கம் பதில் சொன்னது. 1982 ஜனவரி 19. நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம். விலைவாசி உயர்வை எதிர்த்து, வேலைநிறுத்தத் தடைச் சட்டத்தை எதிர்த்து, விவசாயத் தொழிலாளிக்குத் தனிச் சட்டம் கேட்டு நடந்த போராட்டம். ஆலையில் சங்கு ஊதாத நாள். வயலில் அரிவாள் இறங்காத நாள். அன்று தஞ்சை ஜில்லா திருமெய்ஞானத்தில் போலீஸ் சுட்டது. அஞ்சான், நாகூரான் என்ற இரண்டு விவசாயத் தொழிலாளத் தோழர்கள் மடிந்தார்கள். திருத்துறைப்பூண்டியில் ஞானசேகரன் உயிர்விட்டார்.

சுட்டது மாநிலப் போலீஸ். மாநிலத்தில் அப்போது எம்.ஜி.ஆர். சர்க்கார். அந்தத் துப்பாக்கியை வெங்கட்ராமன் கையில் நாம் திணிக்கவில்லை. சொல்லப்போனால் அந்த நாளில் அவர் நிதி மந்திரியாகவே இல்லை. நான்கு நாட்களுக்கு முன் ராணுவ மந்திரியாக மாற்றப்பட்டிருந்தார். ஆனாலும் நாம் வாசகர்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரி இங்கேதான் வருகிறது: தஞ்சை ஜில்லாவின் விவசாயத் தொழிலாளர் நிலைமையில் அக்கறை கொண்டவர். அந்த ஜில்லாவின் வாக்காளர்கள்தான் 1952லும் 1957லும் அவரை லோக்சபைக்கு அனுப்பியவர்கள். உர விலைக்கும் வேலைநிறுத்தத் தடைக்கும் எதிராக வயலிலிருந்து எழுந்த அந்த ஜில்லாக்காரன் மண்ணில் சாய்ந்தான். வாஷிங்டனுக்குப் போன கடிதத்துக்கும் திருமெய்ஞானத்துக்கும் நடுவே நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

குப்பத்து அம்மாளின் இரண்டாவது கேள்விக்கு இது பதிலில் ஒரு பாதி.

காலனி மண்டபத்துக் கனவான்கள் இங்கே குறுக்கிடுவார்கள். இரண்டு வாதங்கள் அவர்களிடம் உண்டு. ஒன்று: "போர்டில் அமெரிக்காவே ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டதே, பிறகு எப்படி இது ஏகாதிபத்தியக் கடன்?" ஒதுங்கியது உண்மை. எதற்காக ஒதுங்கினார்கள்? இந்தியாவுக்கு இரக்கம் காட்டியா? நிபந்தனை போதாது, இன்னும் இறுக்க வேண்டும் என்பது ரீகன் சர்க்காரின் எண்ணம். கயிறு தளர்வாக இருக்கிறது என்று முகம் சுளித்தவனைக் கயிற்றுக்கு விரோதி என்று எண்ணலாமா?

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 500 கோடி கணக்கில் 390 கோடியைத்தான் இந்தியா எடுத்தது. மீதி 110 கோடியை வேண்டாம் என்று 1984ல் விட்டுவிட்டது. ஆகவே அடிமையாகிவிடவில்லை என்கிறார்கள். விட்டது உண்மை, அதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் எப்படி விட முடிந்தது? பம்பாய் ஹை கடற்பகுதியில் எண்ணெய் எடுப்பு பெருகியதால். 1980-81க்கும் 1984-85க்கும் இடையில் நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய மூன்று மடங்கு ஆயிற்று. எடுத்தது யார்? பொதுத்துறைக் கம்பெனி. கடலுக்கு நடுவே இரும்பு மேடையில் நின்று உழைத்த தொழிலாளி. எந்தப் பொதுத்துறையைக் கட்டுப்படுத்து, செலவைக் குறை என்று வெளிநாட்டு நிபுணன் உபதேசித்தானோ, அதே பொதுத்துறை அவனுடைய கடனிலிருந்து நாட்டைப் பாதி மீட்டது. இதைக் கனவான் தமது பேச்சில் சொல்லவில்லை. சொன்னால் மாலை வேறு கழுத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

எடுத்த கடன் சும்மா போய்விடவில்லை. திருப்பிக் கட்டும் தவணைகள் எண்பதுகளின் பின்பாதியில் ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்றன. இறக்குமதிக் கதவு அகலத் திறந்திருந்தது. வேறு வெளிநாட்டுக் கடன்களும் குவிந்தன. 1991ல் கஜானாவில் சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் இருந்தது. ஜூலை மாதத்தில் சுமார் 47 டன் தங்கத்தைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி லண்டனுக்கு அடகு அனுப்பும் நிலை வந்தது. அதே மாதத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு முறை குறைத்தார்கள். மறுபடியும் அதே வாஷிங்டன் வாசல். இந்தத் தடவை மெழுகிய திண்ணையோடு நிற்கவில்லை, வீட்டையே திறந்துவிட்டார்கள். ராஷ்டிரபதி பவனத்தில் அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் வெங்கட்ராமன். 1987 ஜூலை முதல் 1992 ஜூலை வரை அவர்தான். அதே ஆண்டு ஜனவரியில், கவர்னரின் ரிப்போர்ட்டே இல்லாமல் தமிழ்நாட்டில் தி.மு.க. சர்க்காரைக் கலைத்த உத்தரவிலும் அவர் கையெழுத்துத்தான் இருந்தது என்பது வேறு கதை. அதற்கு இங்கே இடமில்லை.

1991க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் எழுதிக் காட்ட வேண்டுமா? 'பொன்னான கைகுலுக்கல்' என்று அழகான பெயர் வைத்து ஆட்களை வெளியேற்றினார்கள். பெரம்பூரில் பி அண்டு சி மில் 1996ல் நின்றது. அதற்கு வெள்ளமும் நிர்வாகமும் காரணம் என்பார்கள், அதுவும் உண்டு. ஆனால் மூழ்குகிற ஆலையைத் தூக்கி நிறுத்துவது சர்க்காரின் கடமை என்ற எண்ணமே 1991க்குப் பிறகு டில்லியில் செத்துப் போயிருந்தது.

சரி, இது ஒரு மனிதரைப் பற்றிய விவகாரமா? இல்லை. வெங்கட்ராமன் 2009 ஜனவரியில் காலமானார். செத்த மனிதரோடு நமக்குச் சண்டையில்லை. அவர் லஞ்சம் வாங்கினார் என்றோ, நாட்டைக் காட்டிக் கொடுக்க வேண்டுமென்றே உட்கார்ந்தார் என்றோ நாம் சொல்லவில்லை. நல்ல வக்கீல், கட்டுப்பாடான மனிதர், நாணயஸ்தர் என்றே ஒப்புக்கொள்கிறோம். அப்படிப்பட்டவர் கையிலேயே காரியம் இப்படி நடந்தது என்றால் கோளாறு எங்கே என்பதுதான் கேள்வி.

கோளாறு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்வது மத்திய சர்க்காரின் நிர்வாக அதிகாரம். 73வது ஷரத்து அதிகாரத்தைக் கொடுக்கிறது. 253வது ஷரத்து அதை நிறைவேற்றச் சட்டம் போடும் உரிமையைப் பார்லிமெண்டுக்குத் தருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குப் பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. நாட்டின் நிலத்தைக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று பெருபாரி விவகாரத்தில் 1960ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மற்றபடி மந்திரி கையெழுத்துப் போடலாம். பிறகு சபைக்கு வந்து ஓர் அறிக்கை படிக்கலாம். மெம்பர்கள் கத்தலாம், வெளிநடப்புச் செய்யலாம். காரியம் காரியமாக நிற்கும்.

இப்படித்தான் 1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலை 23ந் தேதி வெளிநாட்டு மந்திரி ஸ்வரண் சிங் லோக்சபையில் அறிக்கை படித்தார். இப்படித்தான் 1994 ஏப்ரல் 15ந் தேதி மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரத்தில் உலக வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டது. விதை நெல்லும் மருந்து மாத்திரையும் பஞ்சும் நூலும் அதற்குள்ளே அடங்கியிருந்தன, ஆனால் அதற்கு முன் ஒரு பார்லிமெண்ட் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. 2008 ஜூலை 22ந் தேதி அமெரிக்க அணு ஒப்பந்தத்தை ஒட்டி லோக்சபையில் ஓட்டெடுப்பு நடந்ததே என்பீர்கள். நடந்தது, 275க்கு 256. ஆனால் அது ஒப்பந்தத்தின் மீது நடந்த ஓட்டெடுப்பு அல்ல. சர்க்காரின் மீது நம்பிக்கை உண்டா என்ற ஓட்டெடுப்பு. அன்று சபைக்குள்ளே மேஜை மீது கொட்டப்பட்ட நோட்டுக் கட்டுகளை நாடு முழுவதும் பார்த்தது.

அமெரிக்காவில்கூட ஓர் உடன்படிக்கைக்கு செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பிரிட்டனில் 2010 சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பார்லிமெண்டின் மேஜையில் 21 சபை நாட்கள் வைக்க வேண்டும். 2025 ஜூலை 24ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தம் செய்தபோது, அதே காகிதம் அங்கே பார்லிமெண்டின் பார்வைக்குப் போயாக வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. நம்மை ஆண்டவன் தன் ஜனங்களுக்குக் கொடுத்த உரிமையை, சுதந்திரம் வாங்கிய நாம் நமது ஜனங்களுக்குக் கொடுக்கவில்லை! இந்தக் குறையைத் தீர்க்கத் தனி மெம்பர்கள் மசோதாக்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒன்றும் நிறைவேறவில்லை.

இதில் கட்சி பேதமும் இல்லை. எதிர் வரிசையில் உட்காரும்போது பார்லிமெண்டைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று மேஜையைத் தட்டுகிறவர்கள், மந்திரி வரிசைக்கு மாறியதும், வெளிநாட்டு விவகாரத்தில் ரகசியம் அவசியம் என்கிறார்கள். யாரிடமிருந்து ரகசியம்? கடன் கொடுக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். எதிர் நாட்டுக் கம்பெனிக்கு எல்லாம் தெரியும். தெரியக் கூடாதது திருப்பூர் பனியன் தொழிலாளிக்கும் கொட்டிவாக்கம் மீனவனுக்கும் மட்டும்தான்.

திருப்பூர் என்றோமே. 2025 ஆகஸ்டு 27ந் தேதி அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளின் மீது சுங்க வரியை 50 சதவீதமாக ஏற்றியது. அடுத்த நாள் காலையில் கட்டிங் மேஜையில் நின்றவனுக்கு வெளிநாட்டு விவகாரம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. கொட்டிவாக்கம் குப்பத்துக்கும் அது தூரத்து விவகாரமல்ல. 2022 ஜூனில் ஜெனீவாவில் உலக வர்த்தக ஸ்தாபனம் மீன்பிடி மானியங்களைப் பற்றி ஒப்பந்தம் உருவாக்கியது. அங்கே கூடிப் பேசியவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? டீசல் மானியம் நிற்குமா, தொடருமா என்று படகுக்காரன் கேட்டால், அது வெளிநாட்டு விவகாரம் என்று சொல்லி வாயை மூடுவீர்களா, கனவான்களே?

கொட்டிவாக்கம் 2011ல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. இன்று அது தென் சென்னை லோக்சபைத் தொகுதியில் இருக்கிறது. நிலம் உழுத இடங்களில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. உழுதவர்களின் பிள்ளைகள் அந்தக் கட்டிடங்களில் செக்யூரிட்டியாகவும் வீட்டு வேலைக்காரர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஓட்டு இருக்கிறது. அவர்களுடைய மெம்பர் சாக்கடையைப் பற்றிப் பேசுவது கேவலம் என்று உத்தியோகஸ்தர் எண்ணுகிறார். நாம் அப்படி எண்ணவில்லை. சாக்கடையையும் பேசட்டும், ஜெனீவாவையும் பேசட்டும். ரேஷன் கடையில் அரிசி குறைந்தால் அதற்கும் மராகேஷில் போட்ட கையெழுத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று தேடிப் பார்த்துப் பேசட்டும்.

நமது கோரிக்கை இது. வெளிநாட்டோடும் வெளிநாட்டு ஸ்தாபனங்களோடும் செய்யும் எந்தக் கடன், வர்த்தக, ராணுவ ஒப்பந்தமும் பார்லிமெண்டின் இரண்டு சபைகளிலும் ஓட்டெடுப்பில் தேறிய பிறகே நாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும். கையெழுத்துக்கு முன்பே அதன் தமிழ் வாசகம் தாலுகா ஆபீஸ் வரை பகிரங்கமாகக் கிடைக்க வேண்டும். அதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். லோக்சபை மெம்பருக்கு அனுப்பும் மனுவில் இதை எழுதி, கொட்டிவாக்கம், பாலவாக்கம், திருவான்மியூர், நீலாங்கரைப் பகுதிகளில் கையெழுத்து வாங்கி வருகிறோம். காலனி மண்டபத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம்; உத்தியோகஸ்தர் கையெழுத்துப் போட்டால் மனமார வரவேற்போம். கேள்வி கேட்ட அம்மாள் முதல் தாளில் முதல் ஆளாகப் போட்டுவிட்டார். கையெழுத்துத் தாள்கள் வேண்டுவோர் அந்தந்தப் பகுதித் தோழர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். பூர்த்தியான தாள்களை இந்த மாதக் கடைசிக்குள் திருப்பித் தர வேண்டும்.